கொஞ்சம்னா எவ்வளவு?

உப்பு கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எடுத்துத் தர மாட்டார். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்பார். கிண்டலுக்குக் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருக்கும். "ரெண்டு சிட்டிகையா, இல்ல மூணு வரைக்கும்கூட உனக்குக் கொஞ்சம்தானா?" என்பார். அதற்குள் நான் முட்டையை இறக்கி, உப்பே போடாமல் தட்டில் வைத்துவிடுவேன். அதைத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது" என்பார். இல்லவே இல்லை ஐயா! போட்டால்தானே இருக்கும்!

இவர் தரை துடைக்கிற வண்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு ஆள். வரவு செலவுக் கணக்கு இல்லை, நிஜக் கணக்கு. ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் மாதிரி இடங்களில் ஆள் இல்லாமல் தானே ஊர்ந்து போய்த் தரையைத் துடைக்கிற பெரிய வண்டி அது. எங்கே மெதுவாகப் போவது, எங்கே தண்ணீரை அதிகம் விடுவது, எதிரில் ஏதாவது வந்தால் எப்படி ஒதுங்குவது என்றெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுப்பது இவர் வேலை. ஃபஸி லாஜிக் என்று பெயராம். கல்யாணமான புதிதில் அது என்னவென்று கேட்டேன். "சாதாரண மெஷினுக்கு ஆமா, இல்ல, ரெண்டுதான் தெரியும். இதுக்கு நடுவுல இருக்கிறதெல்லாம் தெரியும்" என்றார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் தெரிந்த இந்த ஆளுக்கு ஆமாவும் இல்லையும் மறந்தே போய்விட்டன.

கம்பெனியில் இவருக்கு வைத்திருக்கும் பெயர் முக்கோணம். வண்டிக்குப் பேச்சு புரியாது அல்லவா? அதனால் நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் இவர் ஒரு முக்கோணம் வரைந்து கொடுக்கிறார். ‘அழுக்கு கொஞ்சம்’ ஒரு முக்கோணம். ‘அழுக்கு நிறைய’ இன்னொன்று. இரண்டும் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் விழுகிற தரை கொஞ்சமும் அழுக்கு, நிறையவும் அழுக்கு, இரண்டும் ஓரளவு உண்மை. இந்த முக்கோணங்களை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று தெரிந்துகொள்ள, ஊரில் துடைப்பம் பிடித்திருக்கும் எல்லோரிடமும் போய்க் கேட்பார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்காவையும் விடவில்லை.

"அக்கா, நிறைய அழுக்குன்னா எவ்வளவு?"

"பாத்தா தெரியலையா சார்? கண்ணாடியை மாத்துங்க."

அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற ஆளா இவர்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்துவிட்டு, "இப்போ கொஞ்சம் தெரியுது" என்றாராம். அக்கா என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. படிப்பு முடித்த கையோடு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்திருக்கிறார். பையன் ஒருவன் எழுதிய விடை பாதி சரி, அந்தப் பாதியிலும் ஒரு வரி சந்தேகம் என்று புள்ளி வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார். வகுப்பு முழுக்க அப்படியே. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இவன் பாஸா, ஃபெயிலா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்க, "ஓரளவு பாஸ் சார்" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். அதோடு அந்த வேலை போயிற்று. அந்தத் தலைமையாசிரியர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானாக இருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன்.

நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. என் தொழிலும் அப்படி. ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் பின்னால் இருக்கிற லேப்பில் உடைந்த பல்லின்மேல் மாட்டுகிற கேப் செய்கிறேன். மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, உலையில் வைத்து எடுத்து, கடைசியில் பிளாஸ்டர் பல்லின்மேல் பொருத்திப் பார்ப்பேன். உட்கார்ந்தால் உட்கார்ந்தது, இல்லையென்றால் இல்லை. முக்கால்வாசி உட்கார்ந்த கேப் என்று ஒன்றை யார் வாயிலும் மாட்டி அனுப்ப முடியாது.

இவரை நான் முதலில் பார்த்ததே அங்கேதான். கடைவாய்ப் பல் உடைந்து வந்திருந்தார். அப்போதெல்லாம் கேப் பொருத்தும்போது டாக்டர் என்னையும் நாற்காலிப் பக்கம் கூப்பிடுவார். எங்கே தட்டுகிறது என்று காட்டும் நீலத் தாளைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கச் சொன்னேன். "தட்டுதா?" என்றேன். "ஓரளவு." கொஞ்சம் தேய்த்தேன். "இப்போ?" "முன்னைவிடக் குறைவாத் தட்டுது. ஆனா தட்டலன்னு சொல்லிட முடியாது." இன்னும் தேய்த்தேன். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். "சரியாயிடுச்சா இல்லையா?" என்று கத்தியே விட்டேன். இவர் நாக்கால் ஒரு தடவை துழாவிவிட்டு, "பெரும்பாலும்" என்றார். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஒரு கேப்பைச் சாக்கு வைத்து எத்தனை தடவை வந்தாரோ. ஒருநாள் நானே கேட்டேன், என்னைப் பிடித்திருக்கிறதா என்று. யோசித்தார். நிஜமாகவே நின்று யோசித்தார். "பெரும்பாலும்" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். என்னைப் பெண் கேட்டு வந்த மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பற்றி எதுவுமே தெரியாமல் ஒரேயடியாகப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள். இவர் ஒருத்தராவது பார்த்துவிட்டுச் சொல்கிறாரே என்று தோன்றியது. அப்போது எனக்கு வயது அப்படி.

இவருடைய கணக்கு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க விட்டால்தானே? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கிறது. வண்டிக்குள் பல விதிகள் ஒரே நேரத்தில் பேசுமாம். ‘மெதுவாகப் போ’ என்று ஒன்று அரை மனசாகச் சொல்லும். ‘சுமாரான வேகத்தில் போ’ என்று இன்னொன்று முக்கால் மனசாகச் சொல்லும். எது எவ்வளவு அழுத்திச் சொல்கிறதோ அந்த உயரத்தில் அதன் முக்கோணத்தை வெட்டி, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் மேடும் பள்ளமுமாக ஒரு வடிவம் வரும். அந்த வடிவத்தை அட்டையில் வெட்டி விரல் நுனியில் நிறுத்தினால், எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அதுதான் விடை. காகிதத்தில் போட்டால் போதாதா என்று கேட்டேன். கையில் வைத்துப் பார்த்தால்தான் இவருக்கு நம்பிக்கை வருமாம். அட்டையை எதை வைத்து வெட்டுகிறார் தெரியுமா? நான் மெழுகு செதுக்குகிற கத்தியை வைத்து. முடியை நீளவாக்கில் பிளக்கிற கூர்மை அதற்கு. அதைக் கொண்டுபோய் பழைய டப்பா அட்டையில் போட்டு அறுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி என் பையிலேயே திரும்ப வைத்துவிடுவார்.

ஆனால் வண்டிக்குள் இருக்கிற சிப் நகத்தளவுதான். நொடிக்கு நொடி முழு அட்டையையும் நிறுத்திப் பார்க்க அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் தோராயம். முழு வடிவத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு முக்கோணத்தின் நடுப்புள்ளியை மட்டும் எடுத்து, அது எவ்வளவு அழுத்திச் சொல்கிறதோ அவ்வளவு மதிப்பைக் கொடுத்துச் சராசரி பார்த்துவிடுவது. முழுக் கணக்குக்கும் இந்தக் குறுக்கு வழிக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும், எந்த இடத்தில் வரும், எவ்வளவு வந்தால் பரவாயில்லை? இதைத்தான் இவர் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தப்பா இருக்கலாம். ஆனா எவ்வளவு தப்புன்னு சரியாத் தெரியணும்" என்பார். அப்படிச் சொல்லும்போது முகம் பிரகாசமாக இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சில சமயம் பெருமையாக இருந்திருக்கிறது. பொய் சொல்வானேன்.

வம்பு எங்கிருந்து வந்தது என்றால், எனக்கு ஒரு நல்லது நடந்ததிலிருந்து வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறொரு ஊரில் புதிதாக ஒன்று கட்டுகிறார்கள். சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில்தான் போய்ச் சேர முடியும். அங்கே லேப்பை முழுக்க நானே எடுத்து நடத்த வேண்டும் என்று எங்கள் பல் பிரிவு டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்கள். உலை எது வாங்குவது, யாரை வேலைக்கு எடுப்பது, எல்லாம் என் இஷ்டம். எத்தனையோ வருஷமாக மற்றவர்கள் வாங்கிப் போட்ட உலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் நான். கேட்டதும் காது சூடாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை சொல்லிடும்மா. நீ வரலன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்கள்.

எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவள் ஊர் மாற முடியாது. இவருடைய கம்பெனியும் இங்கேதான். போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும், குறைந்தது இரண்டு வருஷத்துக்கு. போனால் இவர்கள் இரண்டு பேரும் என்ன ஆவார்கள்? போகாவிட்டால் நான் என்ன ஆவேன்? இரண்டையும் வைத்துக்கொண்டு என் மண்டை காய்ந்தது. எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. போ என்று இவர் சொன்னால் போவேன். போகாதே என்று சொன்னால், சண்டை போட்டுவிட்டாவது இருப்பேன். சொல்ல வேண்டியது இவர்.

"போறதுக்கும் நிறையக் காரணம் இருக்கு" என்றார். "போகாம இருக்கிறதுக்கும் இருக்கு."

"அது எனக்கே தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்தார். இரண்டு நாள் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு யோசனையோடு வந்தார். டாக்டரம்மாவிடம் கேட்டு, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்று பாதிப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாமாம். உலையை அங்கே உள்ளவர்களே வாங்கிவிடட்டுமாம், மற்றதை நான் பார்த்துக்கொண்டால் போதுமாம். பெண்ணின் பரீட்சை நேரத்தில் கூடுதலாக நாலு நாள் இங்கே இருக்கலாமாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "பாதி லேப்பை வெச்சுக்கிட்டு அங்க பாதிப் பல்லா கட்டுவேன்?"

எங்கள் பெண் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, அப்பா கணக்குப்படி நீ பாதி வழியில இருக்கிற ஸ்டேஷன்ல இறங்கி அங்கயே வீடு பாத்துக்கணும்."

இவர் அதற்குச் சிரிக்கவும் செய்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வாழ்க்கையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால், இந்த மனுஷன் அதையும் நடுவில் அறுத்துக் கொடுக்கிறார். அந்த இரவு தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை இவருடைய வண்டி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஓட்டிக்காட்டி, பிடித்திருந்தால் வாங்குவார்கள். கம்பெனி முதலாளி இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வந்து நின்றார். ஆஸ்பத்திரி நிர்வாகி கையைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம். துடைக்கிற அக்காக்கள் தங்கள் துடைப்பங்களோடு வரிசையாக இன்னொரு பக்கம். வேடிக்கை பார்க்க என்று நானும் லேப் வாசலுக்கு வந்தேன். பழுப்பு நிறத்தில், தோளகலத்துக்கு, முன்பக்கம் உருண்டையாக இருந்தது வண்டி. கம்பெனியில் அதை எருமை என்று கூப்பிடுவார்கள்.

எருமை நன்றாகத்தான் போயிற்று. பெஞ்சைப் பார்த்து ஒதுங்கியது. சக்கர நாற்காலிக்கு வழி விட்டது. மருந்து கொட்டியிருந்த இடத்தில் நிதானமாக இரண்டு தடவை துடைத்தது. நிர்வாகி தலையாட்டினார். முதலாளி இன்னும் பலமாகத் தலையாட்டினார். அடுத்து நீண்ட நடைபாதைக்குள் திரும்பியது. எக்ஸ்ரே அறைக்கு முன்னால் அந்த நடைபாதையின் நட்ட நடுவில் ஒரு தடித்த தூண் இருக்கிறது. வண்டி நேராக அதைப் பார்த்துப் போயிற்று. தூணைப் பார்த்துவிட்டது, ஏனென்றால் வேகத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. இதோ திரும்பும், இதோ திரும்பும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ரொம்ப மரியாதையாகப் போய்த் தூணில் நெற்றியை வைத்தது. கொஞ்சம் பின்வாங்கியது. மறுபடி அதே கோட்டில் வந்து அதே இடத்தில் முட்டியது. மறுபடியும்.

"பாசமா முட்டுது பாருங்க" என்றாள் ஒரு அக்கா. வரிசை முழுக்கச் சிரிப்பு.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஓடிப்போய் வண்டியை நிறுத்த வேண்டாமா? நடைபாதையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, வண்டியையும் தூணையும் கோடு பிடித்துப் பார்த்தார். எழுந்து, "அருமை! நூல் பிசகாம நடுவுல வந்திருக்கு!" என்றார். அத்தனை பேருக்கு முன்னால். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். லேப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை இன்னொரு தடவை வாருங்கள், அதுதான் கடைசி என்று நிர்வாகி சொல்லி அனுப்பியதாகப் பிறகு அக்கா சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மேஜையில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"என்ன ஆச்சு உங்க எருமைக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. என் தப்பு" என்றார். "முன்னாடி இடது பக்க முக்கோணம், வலது பக்க முக்கோணம் ரெண்டையும் நான் தனித்தனியா வரைஞ்சிருந்தேன். கையால வரைஞ்சது, இடது ஒரு மயிரிழை பெரிசு. அதனால எதிர்ல எது வந்தாலும் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சு ஒதுங்கிடும். போன மாசம்தான் அழகா சரிசமமாக்கினேன். சரிசமமா இருந்தா ஒரு பக்கத்தை மட்டும் வெச்சாப் போதும், மறுபக்கத்துக்கு அதையே திருப்பிக்கலாம். சிப்புல பாதி இடம் மிச்சம்."

அந்த மிச்சத்தைப் பற்றிப் போன மாதம் முழுக்கப் பெருமையடித்தது எனக்கு நினைவிருந்தது.

என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு மேடு. நடுவில் இரண்டையும் சேர்க்க ஒரு சின்னப் பட்டை, நூல் மாதிரி. "நிறுத்திப் பாரு" என்றார். இடது மேட்டுக்குக் கீழே விரலை வைத்தேன், விழுந்தது. வலதில் வைத்தேன், விழுந்தது. நடுவில் வைத்தேன். நின்றது, ஆனால் அந்தப் பட்டை விரலில் மடங்கியது.

"விரல் இருக்கிற இடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அதான். இடது பக்கம் ஒதுங்குன்னு ஒரு விதி சொல்லுது. வலது பக்கம் ஒதுங்குன்னு இன்னொண்ணு சொல்லுது. நேராப் போய் முட்டுன்னு எந்த விதியும் சொல்லல. நான்தான் சராசரி எடுத்துச் சொல்லியிருக்கேன்."

"சரி, எப்படிச் சரி பண்ணுவீங்க?"

அதில்தான் விஷயமே. சரி செய்வது பெரிய வித்தை இல்லையாம், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததாம். இப்படி இரண்டு மேடு பிரிந்து நிற்கிற இடத்தில் சராசரி எடுக்கக் கூடாது. எது உயரமோ அந்தப் பக்கம் போக வேண்டும். இரண்டும் ஒரே உயரம் என்றால் முன்கூட்டியே ஒரு பக்கத்தைச் சொல்லி வைத்துவிட வேண்டும். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுத இவருக்குக் கை வரவில்லை.

"எந்தப் பக்கத்தைச் சொல்றது? ரெண்டும் சமம்னா இடதுன்னு சொல்ல என்ன காரணம் இருக்கு? காரணமே இல்லாம எப்படி ஒரு பக்கத்தை எழுதறது?"

வியாழக்கிழமை முழுக்க இதே பாட்டு. முதலாளி போனில் கத்துவது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. "இடதோ வலதோ, ஏதாவது ஒரு எழவைப் போட்டுத் தொலைய்யா!" அந்த மனுஷனை நான் மதித்ததே இல்லை. அன்றைக்கு அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

"அந்த மெஷினுக்காவது ஒரு முடிவு சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேணாம். நான் நாளைக்கு வாயில வந்ததைச் சொல்லிட்டு வர்றேன்" என்றேன். உண்மையில் அப்போதும் எனக்கு எது வாயில் வரும் என்று தெரியாது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி எல்லோரும் நடைபாதையில் கூடினார்கள். முதலாளி இந்தத் தடவை பழைய சட்டை. நான் வெளியே போகவில்லை. கையில் பிளாஸ்டர் அப்பியிருக்க, லேப் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தேன். வேண்டுமென்றே தூணுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எருமை நகர்ந்தது. வேகத்தைக் குறைத்தது. தூணுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது, அப்படியே இடது பக்கம் ஒடித்துத் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போயிற்று.

"புத்தி வந்துடுச்சு" என்றாள் அக்கா.

நிர்வாகிக்கு ஒரு சந்தேகம். "எப்பவும் இடது பக்கம்தான் திரும்புமா? ஏன் இடது?"

"காரணம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் இவர். பல்லைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது குரல்.

பிறகு கூட்டம் கலைந்தது. நான் திரும்பவும் என் வேலையில் உட்கார்ந்தேன். ஒரு கேப் அரை மணி நேரமாகப் படுத்திக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டது. இவர்தான். என் கத்தியை எடுத்து மேஜையில் வைத்தார். தீட்டியிருந்தார், நன்றாகவே தீட்டியிருந்தார்.

"போ" என்றார்.

"எங்க?"

"அங்க. புது லேப்புக்கு. நீ போ."

இத்தனை வருஷமாக இவரிடம் நான் எதிர்பார்த்த பேச்சு இதுதான். முன்னால் ‘ஓரளவு’ இல்லாமல், பின்னால் ‘ஆனா’ இல்லாமல், ஒரே வார்த்தை. கேட்டதும் குதித்திருக்க வேண்டும். அல்லது அப்பாடா என்றாவது இருந்திருக்க வேண்டும். எனக்கோ பகீரென்றது. என் வாயிலிருந்து நான் நினைக்காத ஒன்று வந்தது.

"எவ்வளவு?"

இவர் சிரிக்கவில்லை. என் மேஜையில் இருந்த பிளாஸ்டர் பற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ கேட்ட முதல் நாளே பாத்துட்டேன்" என்றார். "நீ போகணும்ன்றது முழுசா வந்தது. ஒரு துளிகூடக் குறையல. நீ போகக் கூடாதுன்றது எவ்வளவுன்னு பாத்தேன். அதுவும் முழுசா வந்தது. ரெண்டு முழுசு வந்ததும் பயந்துட்டேன். ரெண்டையும் கூட்டி நடுவுல கொண்டுபோய் வெச்சுட்டேன். அங்க நீயும் இல்ல, நானும் இல்ல."

"அப்புறம் இப்போ மட்டும் எப்படி போன்னு சொல்றீங்க?"

"ஏதாவது ஒரு பக்கம் திருப்பித்தானே ஆகணும்? உன் பக்கம் திருப்பிட்டேன்."

எனக்கு எப்போதும்போல ஆத்திரம்தான் வந்தது. அதைத் தவிர வேறு எது வந்திருந்தாலும் அழுதிருப்பேன். முழுசு என்று ஒரு வார்த்தை இவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. நான் உப்புக்கும் காய்ச்சலுக்கும் மழை வருமா வராதா என்பதற்கும் தலையில் அடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், இந்த மனுஷன் அதை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். போகாதே என்பதையும் முழுசாக உள்ளே வைத்துக்கொண்டுதான் போ என்கிறார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா தட்டாவது உடையாம இருந்திருக்கும்" என்றேன்.

"எந்தத் தட்டு? அது லேசான விரிசல்தானே?"

"வெளிய போங்க. எனக்கு வேலை இருக்கு."

போனார். நான் கையைக் கழுவினேன். பிளாஸ்டர் நகத்திடுக்கிலிருந்து லேசில் போகாது. தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு தேவைக்கு மேலேயே நேரம் கழுவினேன். பிறகு மாடி ஏறி டாக்டரம்மா அறைக்குப் போய், "நான் போறேன் டாக்டர்" என்றேன்.

அவர்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்கள்.

"மனசாரத்தானேம்மா சொல்றே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பெரும்பாலும்" என்றேன்.